வலைச்சேவைக் கோரிக்கையில் கடவுச்சொல் சேர்ப்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நிரல் எழுதி, எங்கோ இருக்கும் ஒரு சர்வரிடம் தகவல் கேட்கிறீர்கள். பதிலுக்கு 401 என்று வருகிறது. 'நீ யார் என்று முதலில் சொல், அப்புறம் பேசலாம்' என்பது அதன் பொருள். பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கோரிக்கையோடு அனுப்புங்கள் என்று அந்தச் சேவையின் கையேட்டில் ஒரே வரியில் போட்டிருப்பார்கள். சேர்ப்பதற்கு உண்மையிலேயே ஒரு வரி போதும். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, வழியில் எங்கே விழுந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் புதியவர்களுக்கு நேரம் போகிறது. அதனால் அந்த ஒரு வரியைச் சீக்கிரம் முடித்துவிட்டு, கடவுச்சொல் தொலைகிற இடங்களில் நின்று பார்க்கப் போகிறோம்.

பழகுவதற்கு வேர்ட்பிரஸ் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வலைப்பதிவு எழுதுகிற பலரிடம் ஏற்கெனவே இருக்கும். இல்லாதவர்கள் தங்கள் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். வெளி நிரல்கள் தளத்தோடு பேசுவதற்கான ரெஸ்ட் ஏபிஐ 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்தே அதனோடு சேர்ந்து வருகிறது. இங்கே பழகும் முறை மற்ற இடங்களிலும் அப்படியே உதவும். பணம் வாங்கித் தரும் ரேசர்பே, குறுஞ்செய்தி அனுப்பும் ட்விலியோ ஆகிய சேவைகளும் இதே முறையைத்தான் கேட்கின்றன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாவி எண்ணும், கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரகசியச் சரமும் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் ஹெடர் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் உச்சரிப்பாகவே எழுதியிருக்கிறேன். திரையில் நீங்கள் தட்ட வேண்டியது ஆங்கில எழுத்தில்தான்.

கோரிக்கைக்குள் என்ன போகிறது

ஒவ்வொரு எச்டிடிபி கோரிக்கைக்கும் தலைப்பகுதியில் சில வரிகள் உண்டு. அவற்றை ஹெடர் என்கிறோம். கடவுச்சொல்லைக் கொண்டுபோகும் ஹெடர் இப்படி இருக்கும்:

ஆதரைசேஷன்: பேசிக் (ஒரு இடைவெளி) பேஸ்64 சரம்

அந்தச் சரத்தைச் செய்வது எளிது. பயனர்பெயர், ஒரு முக்காற்புள்ளி, கடவுச்சொல் மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, பேஸ்64 முறையில் மாற்ற வேண்டும். முதலில் வரும் முக்காற்புள்ளியில்தான் சர்வர் இரண்டாகப் பிரிக்கும். அதனால் பயனர்பெயரில் முக்காற்புள்ளி இருக்கக் கூடாது, கடவுச்சொல்லில் இருக்கலாம். 'பேசிக்' என்று பெயரிட்ட இந்த முறை 1996இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ள விதிகள் 2015இல் வந்த ஆர்எஃப்சி 7617 (ஆர்எஃப்சி என்பது இணையத்தின் தொழில்நுட்ப விதிகளைச் சொல்லும் ஆவண வரிசை).

பேஸ்64 ஒரு பூட்டு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பார்த்தவுடன் புரியாத எழுத்துகளாகத் தெரிவதால் வரும் குழப்பம் அது. மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றி எழுதும் ஏற்பாடு மட்டுமே. சாவி எதுவும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம். மறைக்கும் வேலையை முழுக்க எச்டிடிபிஎஸ் இணைப்புதான் செய்ய வேண்டும். எஸ் இல்லாத முகவரிக்குக் கடவுச்சொல்லை அனுப்பினால், காபிக்கடை வைஃபையில் பக்கத்து மேசைக்காரர் எடுத்துப் படிக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வேர்ட்பிரஸும் எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்தில், கோரிக்கையோடு கடவுச்சொல் அனுப்பும் வசதியைத் திறப்பதில்லை. உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் சோதனைத் தளம் என்றால், சூழல் வகையை 'லோக்கல்' என்று கான்ஃபிக் கோப்பில் குறித்துவிட்டால் அனுமதிக்கும்.

படி 1: நிரலுக்கென்று ஒரு கடவுச்சொல்

நீங்கள் தளத்துக்குள் நுழையப் பயன்படுத்தும் சொந்தக் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதாதீர்கள். அது வெளியே போனால் தளம் முழுவதும் போகும். மாற்றினால் எல்லா நிரலும் ஒரே நாளில் நின்றுபோகும். இதற்காகவே வேர்ட்பிரஸ் 5.6 பதிப்பில், 2020 டிசம்பரில், 'அப்ளிகேஷன் பாஸ்வேர்ட்' என்ற வசதி வந்தது.

முதலில் நிரலுக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள். அட்மின் பொறுப்பு வேண்டாம். இடுகைகளை வரைவாகப் போடுவது மட்டும்தான் வேலை என்றால் 'கான்ட்ரிபியூட்டர்' போதும்; வெளியிடவும் வேண்டும் என்றால் 'ஆதர்'. அந்தப் பயனரின் சுயவிவரப் பக்கத்தைத் திறந்து கீழே போனால் அப்ளிகேஷன் பாஸ்வேர்ட் பகுதி இருக்கும். அடையாளத்துக்கு ஒரு பெயர் கொடுங்கள். 'சோதனை' என்று போடாமல், எந்தக் கணினியில் எந்த வேலைக்கு என்று தெரிகிற மாதிரி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பட்டியலைப் பார்க்கும்போது 'சோதனை', 'சோதனை2', 'புதியது' என்று இருந்தால் எதை நீக்குவது என்று யாருக்கும் தெரியாது.

பொத்தானை அழுத்தினால் 24 எழுத்துக் கடவுச்சொல் ஒன்று, நான்கு நான்காகப் பிரித்துத் திரையில் வரும். ஒரே ஒரு முறைதான் காட்டும், உடனே நகலெடுத்து ஒரு கடவுச்சொல் பெட்டகத்தில் வையுங்கள். நடுவில் உள்ள இடைவெளிகளோடு அனுப்பினாலும் சரி, நீக்கிவிட்டு அனுப்பினாலும் சரி, வேர்ட்பிரஸ் இரண்டையும் ஏற்கும். இந்தச் சொல்லை வைத்து வழக்கமான உள்நுழைவுப் பக்கத்தில் யாரும் நுழைய முடியாது; ஏபிஐ கோரிக்கைகளுக்கு மட்டுமே செல்லும்.

அந்தப் பகுதியே காணவில்லையா? தளம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் வரவில்லை என்றால், பாதுகாப்புக்காக நிறுவிய பிளகின் அதை அணைத்து வைத்திருக்கலாம்.

படி 2: நிரல் எழுதும் முன் கர்ல்

நேராக பைத்தானுக்கோ பிஎச்பிக்கோ போகாதீர்கள். கோளாறு கடவுச்சொல்லில் இருக்கிறதா, நிரலில் இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாமல் போகும். முதலில் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்), ஒரு முகவரிக்குக் கோரிக்கை அனுப்பிப் பார்க்க உதவும் கர்ல் கருவியால் சோதியுங்கள். புதிய விண்டோஸ், மேக் இரண்டிலும் அது ஏற்கெனவே இருக்கிறது.

சோதிக்க நல்ல முகவரி 'யூசர்ஸ்/மீ'. உங்கள் தளமுகவரிக்குப் பின் டபிள்யூபி-ஜேசன்/டபிள்யூபி/வி2/யூசர்ஸ்/மீ என்று வரும். 'நான் யார்?' என்று சர்வரையே கேட்கும் முகவரி இது. இடுகைகளின் பட்டியலைக் கேட்டுச் சோதிப்பதில் பயனில்லை. அது பொதுமக்களுக்குத் திறந்தே இருப்பதால் கடவுச்சொல் போகாவிட்டாலும் 200, அதாவது 'சரி' என்ற பதில், வந்துவிடும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஏமாந்துபோவோம்.

முதலில் கடவுச்சொல் இல்லாமல் கேளுங்கள். 401 வர வேண்டும். கூடவே 'உள்நுழையவில்லை' என்று சொல்லும் பிழைக்குறி. வந்தால் கதவு பூட்டியிருக்கிறது என்று உறுதி. அப்புறம் கர்ல் கட்டளையோடு '-யூ' சேர்த்து, பயனர்பெயரை மட்டும் கொடுங்கள். கடவுச்சொல்லைக் கர்லே கேட்டு வாங்கிக்கொள்ளும். பெயரோடு முக்காற்புள்ளி போட்டு அதையும் ஒரே வரியில் கொடுக்க முடியும் என்றாலும், டெர்மினலின் கட்டளை வரலாற்றில் அது அப்படியே தங்கிவிடும்.

பயனரின் பெயரும் எண்ணும் ஜேசன் வடிவில் வந்தால் முடிந்தது. வராவிட்டால் '-வி' சேர்த்து மறுபடி அனுப்புங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்த '-வி'யை வையுங்கள். '>' குறியோடு தொடங்கும் வரிகள் நீங்கள் அனுப்பியவை. '<' குறியோடு தொடங்குபவை சர்வர் சொன்னவை. நீங்கள் அனுப்பிய வரிகளில் ஆதரைசேஷன் ஹெடர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிக்கல் உங்கள் பக்கம். இருந்தும் 401 என்றால் சொல் தவறு, அல்லது சர்வர் பக்கத்தில் யாரோ அதை வாங்கிக் கீழே போட்டுவிட்டார்கள். அந்த வெளியீட்டை உதவி கேட்டு எங்கேயாவது ஒட்டும் முன், பேஸ்64 சரத்தை அழித்துவிடுங்கள். அது கடவுச்சொல்லேதான்.

சர்வர் சொல்லும் எண்களைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை மிச்சம். 401 என்றால் ஆளையே அடையாளம் தெரியவில்லை. 403 என்றால் ஆள் தெரிகிறது, அந்த வேலைக்கு அனுமதி இல்லை. கான்ட்ரிபியூட்டர் பயனரை வைத்து ஓர் இடுகையை நேரடியாக வெளியிட முயன்று பாருங்கள், 403 வரும். அப்போது கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது வீண். பொறுப்பைத்தான் உயர்த்த வேண்டும். சில சேவைகள் இன்னும் ஒரு படி போய், உள்ளே அப்படி ஒன்று இருப்பதையே காட்டிக்கொடுக்கக் கூடாது என்று 404 தருகின்றன. நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பின் தனியார் களஞ்சியத்தை அடையாளம் காட்டாமல் கேட்டால் 'அப்படி எதுவும் இல்லை' என்றுதான் பதில் வரும். முகவரியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

படி 3: நிரலில் அந்த ஒரு வரி

பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் என்றால், கெட் (தகவல் கேட்பது) அல்லது போஸ்ட் (தகவல் அனுப்புவது) அழைப்பில் 'ஆத்' என்ற அளவுருவுக்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு ஜோடியாகக் கொடுங்கள். ஒட்டுவது, பேஸ்64 ஆக்குவது, ஹெடரில் வைப்பது எல்லாம் நூலகம் பார்த்துக்கொள்ளும். அதே வரியில் 'டைம்அவுட்' மதிப்பும் கொடுத்துவிடுங்கள். அந்த நூலகம் தானாக எந்தக் காலவரம்பும் வைப்பதில்லை. பிஎச்பியில் கர்ல் அமைப்புகளில் 'யூசர்பிடபிள்யூடி' என்று முடியும் ஒன்று இருக்கிறது. பெயரையும் சொல்லையும் முக்காற்புள்ளியால் சேர்த்து அதற்குக் கொடுத்தால் போதும்.

ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச்சில் இப்படித் தனி அளவுரு கிடையாது. ஹெடரை நீங்களே செய்ய வேண்டும். நோட் சூழலில் பஃபர் வழியாக யூடிஎஃப்-8 பைட்டுகளை எடுத்து பேஸ்64 ஆக்குங்கள். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் என்றால் இந்த வேலையே வேண்டாம். பக்கத்தைத் திறக்கும் யாரும் எஃப்12 அழுத்திக் கடவுச்சொல்லைப் படித்துவிடலாம். நடுவில் உங்கள் சொந்த சர்வர் ஒன்று இருந்து, அது மட்டும் கடவுச்சொல்லோடு வெளியே பேச வேண்டும்.

முகவரிக்குள்ளேயே பெயரையும் கடவுச்சொல்லையும் '@' குறிக்கு முன்னால் எழுதும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. முகவரிகள் லாக் கோப்புகளிலும் உலாவி வரலாற்றிலும் பிழைச்செய்திகளிலும் போய் உட்காரும் என்பதால் 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986 அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. ஃபெட்ச் அப்படிப்பட்ட முகவரியைக் கொடுத்தாலே பிழை காட்டி நின்றுவிடும். நல்லதுதான்.

எழுதிப் பார்க்க ஒரு சிறு பயிற்சி: டபிள்யூபி/வி2/போஸ்ட்ஸ் முகவரிக்குத் தலைப்பும் உள்ளடக்கமும் வைத்து ஒரு போஸ்ட் கோரிக்கை அனுப்புங்கள். 201 ('உருவாக்கிவிட்டேன்') வந்து, தளத்தின் வரைவுப் பட்டியலில் அந்த இடுகை தெரிந்தால் வழி முழுவதும் திறந்திருக்கிறது. நிலை எதுவும் குறிப்பிடாவிட்டால் வேர்ட்பிரஸ் வரைவாகத்தான் வைக்கும், அதனால் பயப்படாமல் முயலலாம்.

கடவுச்சொல் தொலைகிற இடங்கள்

கர்லில் வேலை செய்தது, நிரலில் வேலை செய்யவில்லை. அல்லது நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை. அப்போது பார்க்க வேண்டியவை இவை. அதிகம் அடிபடுகிற வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது, ரீடைரக்ட், அதாவது சர்வர் உங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது. உங்கள் தளம் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' சேர்ந்த முகவரியில் இருக்கிறது. நிரலில் அது இல்லாமல் எழுதிவிட்டீர்கள். உலாவியில் திறந்தால் தானாகத் திருப்பிவிடுவதால் வித்தியாசமே தெரியாது. நிரலிலோ, முதல் கோரிக்கை கடவுச்சொல்லோடு போகும். சர்வர் 301 சொல்லி வேறு பெயருக்குத் திருப்பும். பெயர் மாறியதும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் ஆதரைசேஷன் ஹெடரைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த கோரிக்கையை அனுப்பும். கர்லும் அப்படியே. தெரியாத சர்வரிடம் உங்கள் கடவுச்சொல் போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். உங்களுக்குக் கிடைப்பது 401. இன்னும் மோசம், போஸ்ட் கோரிக்கை 301 வழியாகத் திரும்பும்போது பெரும்பாலும் கெட் ஆக மாறிவிடும். இடுகை போடச் சொன்னால் பட்டியல் வரும். எஸ் இல்லாத முகவரியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பினாலும் முதல் கோரிக்கை திறந்த வெளியில் போய்விட்டது, அதைத் திரும்ப அழைக்க முடியாது. எனவே ரீடைரக்ட் முடிந்து கடைசியில் நிற்கும் முகவரியைக் கண்டுபிடித்து, அதையே நிரலில் எழுதுங்கள்.

இரண்டாவது, புதுவரி. டெர்மினலில் எக்கோ கட்டளையின் வெளியீட்டை பேஸ்64 கருவிக்குக் கொடுத்து நீங்களே சரத்தைச் செய்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு புதுவரி எழுத்து கடவுச்சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சர்வருக்கு அது வேறு கடவுச்சொல். சரம் 'பெரிய சி, சின்ன ஜி, இரண்டு சமக்குறி' என்று முடிந்தால் சந்தேகமே வேண்டாம், புதுவரி உள்ளே இருக்கிறது. வேறு மாதிரி முடிந்தாலும் இருக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் மொத்த நீளத்தைப் பொறுத்து கடைசி எழுத்துகள் மாறும். எக்கோவுக்குப் பதில் பிரின்ட்எஃப் பயன்படுத்துங்கள். லினக்ஸின் பேஸ்64 கருவி 76 எழுத்துக்கு ஒருமுறை வரியை உடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீளமான ரகசியச் சரம் என்றால் ஹெடரே இரண்டாக உடைந்துவிடும். '-டபிள்யூ 0' கொடுத்தால் உடைக்காது. கோப்பிலிருந்து கடவுச்சொல்லைப் படிக்கும் நிரல்களிலும் இதே புதுவரி வரும். படித்தவுடன் ஓரங்களைச் சீவிவிடுங்கள்.

மூன்றாவது, நமக்கே உரிய சிக்கல்: தமிழில் கடவுச்சொல். வைக்கலாம், தடையில்லை. ஆனால் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் கடவுச்சொல்லைச் சரமாகக் கொடுத்தால் லத்தீன்-1 குறியாக்கத்தில் மாற்றப் பார்க்கும். அதில் தமிழ் எழுத்துகளுக்கு இடமே இல்லை. நிரல் குறியாக்கப் பிழை சொல்லி நின்றுவிடும். முன்கூட்டியே யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றிக் கொடுத்தால் அப்படியே அனுப்பும். உலாவியின் பிடிஓஏ செயற்கூறும் இதே காரணத்துக்காகத் தமிழைக் கண்டால் பிழை காட்டும். சர்வர் யூடிஎஃப்-8 எதிர்பார்க்கிறது என்று சொல்வதற்கு ஆர்எஃப்சி 7617 ஒரு வழி வைத்திருக்கிறது: 401 பதிலோடு வரும் ஹெடரில் எழுத்துக்குறியாக்கத்தைக் குறிப்பிடலாம். அப்படியே இருந்தாலும் நிரலுக்கான கடவுச்சொல்லை மனிதர் யாரும் நினைவில் வைக்கப் போவதில்லை. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான தற்செயல் சரமாக வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே கிடையாது.

நான்காவது, நெட்ஆர்சி கோப்பு. வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் இந்தப் பெயரில் ஒரு கோப்பு இருந்து, அதில் அந்த சர்வரின் பெயர் இருந்தால், ரிக்வெஸ்ட்ஸ் அதிலிருந்து கடவுச்சொல்லைத் தானே எடுத்துக்கொள்ளும். நீங்கள் கையால் ஆதரைசேஷன் ஹெடர் எழுதியிருந்தாலும் அதை மேலெழுதிவிடும். 'ஆத்' அளவுருவில் கொடுத்திருந்தால் இந்தக் குறுக்கீடு இல்லை. பழைய கடவுச்சொல்லோடு எப்போதோ எழுதி மறந்த கோப்பு ஒன்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, சர்வர் பக்கம். அப்பாச்சி என்ற வலைச்சர்வருக்குப் பின்னால் பிஎச்பி சிஜிஐ முறையில் (தனி நிரலாக) ஓடினால், ஆதரைசேஷன் ஹெடர் பிஎச்பிக்குப் போய்ச் சேராமல் போகலாம். கர்ல் '-வி'யில் ஹெடர் அழகாகப் போகிறது, வேர்ட்பிரஸோ உள்நுழையவே இல்லை என்கிறது என்றால் முதல் சந்தேகம் இங்கேதான். 5.6 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தன் எச்டிஆக்சஸ் கோப்பில் இந்த ஹெடரை உள்ளே கடத்தும் வரியைத் தானே எழுதுகிறது. பழைய தளத்தில் அந்தக் கோப்பு புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம். அமைப்புகளில் பெர்மாலிங்க் பக்கத்தைத் திறந்து எதையும் மாற்றாமல் ஒருமுறை சேமித்தால், கோப்பில் எழுத அனுமதி இருக்கும் பட்சத்தில், அது புதிதாக எழுதப்படும். வேர்ட்பிரஸ் அல்லாத நிரலுக்கு அப்பாச்சி 2.4.13 முதல் 'சிஜிஐபாஸ்ஆத் ஆன்' என்ற ஒரு வரியே போதும்.

ஆறாவது, கேட்டால்தான் தருவேன் என்று இருக்கும் நூலகங்கள். ஜாவா, டாட்நெட் பக்கம் உள்ள சில பழைய கிளையன்ட்கள் முதல் கோரிக்கையைக் கடவுச்சொல் இல்லாமல் அனுப்பி, 401உம் அதோடு 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆதன்டிகேட்' ஹெடரும் வந்த பிறகே இரண்டாம் முறை சேர்த்து அனுப்பும். சர்வர் அந்த ஹெடரைச் சொல்லாவிட்டாலோ 404 கொடுத்தாலோ இரண்டாம் முறை என்பதே நடக்காது. அங்கே ஹெடரைக் கையால் வைத்துவிடுவதுதான் சுருக்கு வழி.

உங்கள் சேவைக்கே பூட்டு போட

இதுவரை கேட்கும் பக்கம். நீங்களே ஒரு சிறு சேவை நடத்தினால், எஞ்சின்எக்ஸ் என்ற வலைச்சர்வர் வழியாக ஐந்து நிமிடத்தில் பூட்டலாம். உபுண்டுவில் அப்பாச்சி2-யூட்டில்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் எச்டிபாஸ்டபிள்யூடி கட்டளை கிடைக்கும். '-சி' கொடுத்துப் புதுக் கோப்பு உருவாக்கி முதல் பயனரைச் சேருங்கள். இரண்டாவது பயனரைச் சேர்க்கும்போது '-சி'யை விட்டுவிடுங்கள். அது கோப்பைப் புதிதாக எழுதும் விருப்பம். மறந்து கொடுத்தால் முதல் பயனர் காணாமல் போவார். கோப்பை இணையத்தில் திறந்திருக்கும் அடைவுக்கு வெளியே வையுங்கள். எஞ்சின்எக்ஸ் அமைப்பில் 'ஆத்_பேசிக்' என்ற வரியில் பகுதிக்கு ஒரு பெயரும், 'ஆத்_பேசிக்_யூசர்_ஃபைல்' வரியில் கோப்பின் இடமும் கொடுத்து, '-டி'யால் சரிபார்த்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

நிரலுக்குள்ளேயே சரிபார்ப்பதாக இருந்தால், இரண்டு சரங்களைச் சமக்குறியால் ஒப்பிடாதீர்கள். எந்த எழுத்தில் வித்தியாசம் வருகிறதோ அங்கேயே ஒப்பீடு நின்றுவிடும் என்பதால், எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து ஊகிக்க இடம் கொடுக்கிறது. பைத்தானின் எச்மேக் தொகுதியில் 'கம்பேர்_டைஜஸ்ட்' இருக்கிறது, பிஎச்பியில் 'ஹேஷ்_ஈக்வல்ஸ்'. தரவுத்தளத்தில் மனிதர்கள் வைத்த கடவுச்சொல்லை பிகிரிப்ட் அல்லது ஆர்கான்2 ஹேஷாக, அதாவது திருப்பிப் படிக்க முடியாத வடிவமாக, மட்டும் வையுங்கள். பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் தமிழ்க் கடவுச்சொல்லில் 24 குறிகளோடு கணக்கு முடிந்துவிடும்; 'கொ' போன்ற உயிர்மெய் அதிலேயே இரண்டு குறி. உலாவியிலிருந்து வேறு தளங்கள் உங்கள் சேவையை அழைக்க வேண்டுமென்றால், உலாவி முன்னோட்டமாக அனுப்பும் ஆப்ஷன்ஸ் கோரிக்கையில் கடவுச்சொல் வராது. அதற்கு மட்டும் பூட்டு இல்லாமல் பதில் சொல்லுங்கள்.

சோப் சேவை என்றால்

பழைய நிறுவன அமைப்புகளோடு பேச வேண்டியவர்களுக்கு எக்ஸ்எம்எல் உறைக்குள் எல்லாவற்றையும் அனுப்பும் சோப் சேவைகள் வாய்க்கும். அங்கே கடவுச்சொல் எச்டிடிபி ஹெடரில் இல்லாமல், உறையின் தலைப்பகுதியில் 'செக்யூரிட்டி' உறுப்புக்குள் 'யூசர்நேம்டோக்கன்' ஆகப் போகும். ஒயாசிஸ் அமைப்பு 2004இல் வெளியிட்ட தரம் இது. இரண்டு வகை உண்டு. 'பாஸ்வேர்ட்டெக்ஸ்ட்' என்றால் கடவுச்சொல் அப்படியே போகும். 'பாஸ்வேர்ட்டைஜஸ்ட்' என்றால் நான்ஸ் என்ற தற்செயல் மதிப்பு, உருவாக்கிய நேரம், கடவுச்சொல் மூன்றையும் இந்த வரிசையில் ஒட்டி, எஸ்எச்ஏ-1 எடுத்து, பேஸ்64 ஆக்கி அனுப்ப வேண்டும்.

இரண்டாவது வகையில் எல்லாரும் விழுகிற பள்ளங்கள் இரண்டு. உறைக்குள் நான்ஸ் பேஸ்64 ஆகத்தான் போகும். ஹேஷ் கணக்கிடும்போதோ அதன் மூல பைட்டுகளைப் போட வேண்டும். அடுத்தது நேரம். அது யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்க வேண்டும். கணினியின் உள்ளூர் நேரத்தை எடுத்துக் கடைசியில் 'இசட்' எழுத்தை ஒட்டிவிட்டால், இந்தியாவிலும் இலங்கையிலும் அது ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரம். சர்வர் வழக்கமாக ஐந்து நிமிடம் வரைதான் பொறுக்கும், 'கடவுச்சொல் தவறு' என்ற பொதுவான செய்தியோடு தள்ளிவிடும். லண்டனில் குளிர்காலத்தில் சோதித்தவருக்கு ஓடியிருக்கும், சென்னையில் ஓடாது. முடிந்தால் கையால் எழுதாமல் நூலகத்திடம் விடுங்கள். பைத்தானில் ஸீப் இதைச் செய்யும்.

டைஜஸ்ட் என்ற பெயரைப் பார்த்துப் பாதுகாப்பானது என்று நினைக்கத் தோன்றும். அதைச் சரிபார்க்க சர்வர் உங்கள் மூலக் கடவுச்சொல்லையோ அதற்கு நிகரான ஒன்றையோ கையில் வைத்திருக்க வேண்டும், பிகிரிப்ட் ஹேஷாக வைக்க முடியாது. எச்டிடிபிஎஸ் இருக்கும்போது 'டெக்ஸ்ட்' வகையே எனக்கு மேலாகப் படுகிறது. தேர்வு உங்கள் கையில் இருந்தால், அதாவது.

வைப்பதும் மாற்றுவதும்

கடவுச்சொல்லை நிரல் கோப்பில் எழுதாமல் சூழல் மாறியில் வைத்து அங்கிருந்து படியுங்கள். அதை வைத்திருக்கும் கோப்பு கிட்டில் (நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கருவி) ஏறாமலிருக்க, அதன் பெயரை கிட்இக்னோரில் முதல் நாளே சேருங்கள். ஒருமுறை கிட்டில் ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை அந்தக் கடவுச்சொல்லையே ரத்து செய்வது. வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்கப்புறம்.

கணக்கின் சொந்தக் கடவுச்சொல்லை ஏபிஐயில் ஏற்கும் பழக்கம் குறைந்துகொண்டே வருகிறது. கிட்ஹப் 2020 நவம்பரில் அதை நிறுத்தியது, மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரில் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் நிறுத்தத் தொடங்கியது. பழைய கையேட்டைப் பார்த்து எழுதி 401 வந்தால், கடவுச்சொல்லின் இடத்தில் டோக்கனை (சேவையே உருவாக்கித் தரும் ரகசியச் சரம்) போடச் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

வேர்ட்பிரஸில் கடவுச்சொல்லை மாற்ற, பழையதை முதலில் நீக்காதீர்கள். புதிதாக இன்னொன்று உருவாக்கி, நிரலில் மாற்றி, 'யூசர்ஸ்/மீ'யில் சோதியுங்கள். அப்புறம் சுயவிவரப் பக்கத்தின் பட்டியலில் பழைய கடவுச்சொல் கடைசியாக எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து பயன்பட்டது என்று பாருங்கள். அந்தத் தேதியை வேர்ட்பிரஸ் 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். எனவே மாற்றிய அன்றே பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நாள் ஒன்றுக்கு ஒருமுறை ஓடும் வேலை என்றால் இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்த்து, தேதி நகரவில்லை என்றால் 'ரிவோக்' பொத்தானை அழுத்துங்கள். நகர்ந்திருந்தால், பழைய கடவுச்சொல்லோடு இன்னொரு நிரல் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் உள்ள ஐபி முகவரியை வைத்து முதலில் அதைத் தேடிப்பிடியுங்கள்.